கீமோதெரபிக் காலத்தில் காய்ச்சல்: விடியும் வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

கீமோதெரபி பெற்று வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் மிகுதியாகக் கேட்பது வாந்தியைப் பற்றியும் முடி உதிர்வதைப் பற்றியும்தான். அவை தரும் துன்பத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது, மருந்து ஏற்றி எட்டு, பத்து நாட்கள் கழித்து இரவில் வரும் காய்ச்சல். "இந்நேரத்தில் எதற்கு அலைச்சல்? ஒரு மாத்திரை கொடுப்போம்; காலையில் போய்க்கொள்ளலாம்" என்று எண்ணுவது இயல்பு. அந்தச் சில மணி நேரத் தாமதமே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

காரணம் மருந்தின் செயலிலேயே இருக்கிறது. புற்றுநோய் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பிரிந்து பெருகுபவை. கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிதலைத் தடுக்கின்றன. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் இதற்கு நல்ல சான்று. அணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாதபடி அது தடுக்கிறது. (இதைக் கேட்டு அச்செடியின் இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்போர் உண்டு. அளவறியாத நஞ்சு அது, வேண்டவே வேண்டாம்.) ஆனால் விரைந்து பிரியும் அணுக்கள் நோயிடத்தில் மட்டும் இல்லை. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்சவ்வு, இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அத்தகையனவே.

இவற்றுள் மஜ்ஜையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. நுண்ணுயிர்களை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுவின் ஆயுளோ மிகக் குறுகியது. எனவே மஜ்ஜையின் உற்பத்தி தடைபட்டால் முதலில் குறைவது இதுவே. பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் இதன் எண்ணிக்கை மிகத் தாழ்ந்து, பின்னர் மீள்கிறது. பல சிகிச்சைகளில் இரு தவணைகளுக்கு இடையே மூன்று வார இடைவெளி விடப்படுவதும் இதற்காகவே.

சீழும் வீக்கமும் உண்டாவதற்கு வெள்ளையணுக்கள் வேண்டும். அவை குறைந்திருக்கும்போது, நோய்த்தொற்று இருந்தும் அதற்கான அடையாளம் எதுவும் புலப்படாமல் போகலாம்; காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கையாக இருக்கும். பாராசிட்டமால் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். தொற்றோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

எனவே வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால், எந்த மாத்திரையும் கொடுக்கும் முன் மருத்துவமனையை அழையுங்கள், நள்ளிரவானாலும் புறப்படுங்கள். குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, மிகுந்த சோர்வு இருப்பின் வெப்பநிலை இயல்பாக இருந்தாலும் வர வேண்டும். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் முதியோருக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராதிருக்கலாம்.

காய்ச்சல் வந்தவுடன் பல வீடுகளில் ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்குகிறார்கள். பார்க்க வந்த உறவினர் மீதும் சமைத்தவர் மீதும் பழி விழுகிறது. கைகழுவுதலும், நன்கு வேகவைத்த உணவும், சளி இருமல் உள்ளோரை விலக்கி வைப்பதும் தேவையே. எனினும் இத்தொற்றுகளில் பல, நோயாளியின் வாயிலும் குடலிலும் முன்பே வாழும் நுண்ணுயிர்கள், புண்பட்ட சவ்வின் வழியே இரத்தத்தில் புகுவதால் ஏற்படுகின்றன. எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட வீட்டிலும் அது நேரலாம்.

அவசரப் பிரிவை அடைந்ததும், "இவர் கீமோதெரபி பெறுகிறார், இன்ன தேதியில் கடைசி மருந்து ஏற்றப்பட்டது, இப்போது காய்ச்சல்" என்பதையே முதலில் சொல்லுங்கள். வரிசையில் அமர்ந்து காத்திருக்க வேண்டாம். இத்தகைய நோயாளிக்கு வந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் தொடங்கப்பட வேண்டும். இரத்தப் பரிசோதனையின் முழு முடிவு வரும் வரை அதைத் தள்ளிவைப்பதில்லை. வெளியூரில் இருப்போர் அருகிலுள்ள மருத்துவமனைக்கே முதலில் செல்லலாம். சிகிச்சைக் கோப்பை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.