கிளை பிரித்துப் பார்ப்போம்

படிக்கும் முன் சிந்திக்க: நீங்கள் குழுவாகத் தயாரித்த கோப்பு ஒன்றை நண்பர் தவறுதலாக மாற்றிவிட்டால், பழைய நிலையை எவ்வாறு மீட்பீர்கள்?

'விழா இறுதி', 'விழா இறுதி 2', 'விழா உண்மையான இறுதி' – உங்கள் மடிக்கணினியிலும் இப்படிப்பட்ட பெயர்களில் கோப்புகள் இருக்கின்றனவா? மாற்றம் செய்யும் முன் கோப்பைப் படியெடுத்து வைப்பது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். தனி ஒருவர் வேலை செய்யும்போது இம்முறை ஓரளவு கைகொடுக்கும். நால்வர் சேர்ந்து உழைக்கும்போதோ, எது புதியது, எதை யார் மாற்றினார் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க நிரலாளர்கள் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் உலகெங்கும் பரவலாக வழங்குவது 'கிட்' ஆகும். இதனை உருவாக்கியவர், பின்லாந்தில் பிறந்த லினஸ் தோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கியவரும் இவரே. லினக்ஸ் பணியில் ஈடுபட்ட நிரலாளர்கள் அதுவரை பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005ஆம் ஆண்டில் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் தோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாள்களுக்குள்ளேயே, கிட் தனது சொந்த மூலநிரலையே பேணிக் காக்கும் நிலையை எட்டியது. அதே ஆண்டு ஜூலை முதல் அதனைப் பராமரிக்கும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார்.

கிளை என்றால் என்ன?

கிட்டில் நாம் செய்யும் வேலையை அவ்வப்போது பதிவு செய்கிறோம். இதனை நிரலாளர்கள் 'கமிட்' என்பார்கள். ஒவ்வொரு பதிவும் அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் படம்பிடித்து வைக்கிறது. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற குறிப்பும் அதனுடன் சேர்கிறது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவைச் சுட்டுவதால், பதிவுகள் சங்கிலிபோலத் தொடர்கின்றன.

அந்தச் சங்கிலியின் கடைசிப் பதிவைச் சுட்டும் ஒரு பெயரே கிளை. புதிய கிளையை உருவாக்கும்போது கிட் எல்லாக் கோப்புகளையும் படியெடுப்பதில்லை. 'இந்தப் பெயர் இந்தப் பதிவைச் சுட்டுகிறது' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதிக்கொள்கிறது. ஆகவே, ஆயிரம் கோப்புகள் உள்ள திட்டத்திலும் கிளை பிரிப்பதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. நாம் புதிய பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும், நாம் நிற்கும் கிளையின் பெயர் அந்தப் புதிய பதிவுக்கு நகர்கிறது. மற்றக் கிளைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரு விழா, இரண்டு கிளைகள்

இதனை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம். ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் பொங்கல் விழாவுக்காக இணையப் பக்கம் ஒன்றை அமைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழா நடைபெறும் இடம், நேரம், நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றைப் பெற்றோர் அதில்தான் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் 'மெயின்' எனப்படும் முதன்மைக் கிளையில் இருக்கிறது.

கழகத்தின் செயலாளரான மாணவி, பக்கத்தின் தோற்றத்தை மாற்ற விரும்புகிறாள். எழுத்துகளைப் பெரிதாக்க வேண்டும். வண்ணங்களையும் மாற்ற வேண்டும். முதன்மைக் கிளையிலேயே கைவைத்தால், பாதி முடிந்த பக்கம் பெற்றோர் கண்ணில் பட்டுவிடும். எனவே, அவள் 'புதுவடிவம்' என்ற பெயரில் ஒரு கிளையை உருவாக்குகிறாள். 'கிட் பிராஞ்ச்' என்ற கட்டளையுடன் பெயரைத் தட்டச்சு செய்தால் கிளை உருவாகும். ஆயினும், அவள் இன்னும் பழைய கிளையில்தான் நிற்கிறாள். 'கிட் சுவிட்ச்' என்ற கட்டளையுடன் அதே பெயரைக் கொடுத்த பிறகுதான் புதிய கிளைக்கு மாறுகிறாள். கிளையை உருவாக்குவதும் அதற்கு மாறுவதும் இரு வேறு செயல்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதை மறந்து, முதன்மைக் கிளையிலேயே வேலையைத் தொடர்ந்துவிடுவது புதியவர்கள் பலரும் செய்யும் பிழை.

அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது பொறுப்பாசிரியர் விரைந்து வருகிறார்.

"அம்மா, மண்டபத்தில் மின்கோளாறு. விழாவைத் திடலில் நடத்தப் போகிறோம். பெற்றோருக்கு உடனே தெரிய வேண்டும்."

"ஐயா, பக்கத்தைப் பாதி கலைத்து வைத்திருக்கிறேனே!" என்று அவள் பதறுகிறாள்.

"கலைத்தது உன் கிளையில்தானே? அதைப் பதிவு செய்துவிட்டு முதன்மைக் கிளைக்குப் போ."

ஆசிரியர் சொன்ன வரிசை முக்கியமானது. முதலில் பதிவு, பிறகே மாற்றம். பதிவு செய்யாத மாற்றங்கள் இன்னும் எந்தக் கிளைக்கும் உரியவை அல்ல. அவற்றுடன் கிளை மாறினால், அவை நம்முடனேயே அடுத்த கிளைக்கும் வந்துவிடக்கூடும். மாறுவதால் அந்த வேலை அழிந்துபோகும் என்று தெரிந்தால், கிட் மாற மறுத்துவிடும். அந்த மறுப்பு ஒரு தடையன்று. நம் உழைப்பைக் காக்கும் எச்சரிக்கை.

மாணவி தன் வேலையைப் பதிவு செய்து முதன்மைக் கிளைக்கு மாறுகிறாள். கோப்புறையில் இருந்த புதிய வண்ணங்களும் பெரிய எழுத்துகளும் மறைந்து, பழைய பக்கம் திரும்புகிறது. உழைப்பெல்லாம் வீணாயிற்றோ என்று அவள் ஒரு கணம் திகைக்கிறாள். உண்மையில் எதுவும் தொலையவில்லை. கோப்புறை எப்போதும் நாம் நிற்கும் கிளையின் நிலையையே காட்டும். 'இடம்: பள்ளி மண்டபம்' என்ற வரியை அவள் 'இடம்: பள்ளித் திடல்' எனத் திருத்திப் பதிவு செய்து, பக்கத்தை வெளியிடுகிறாள். சில நிமிடங்களில் பெற்றோருக்குச் சரியான தகவல் கிடைக்கிறது. பிறகு அவள் மீண்டும் 'புதுவடிவம்' கிளைக்கு மாறி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

இணைக்கும்போது எழும் முரண்

புதிய வடிவம் முடிந்ததும் இரு கிளைகளையும் இணைக்க வேண்டும். இதற்கு 'கிட் மெர்ஜ்' என்ற கட்டளை உதவுகிறது. அவள் முதலில் முதன்மைக் கிளையைத் தன் கிளைக்குள் இணைத்துப் பார்க்கிறாள். இரு கிளைகளிலும் வெவ்வேறு பகுதிகள் மாறியிருந்தால், கிட் அவற்றைத் தானே சேர்த்துவிடும். ஆனால், இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. முன்னரே அவள் தன் கிளையில் அதே வரியை 'விழா நடைபெறும் இடம்: பள்ளி மண்டபம்' என்று விரித்து எழுதியிருந்தாள். முதன்மைக் கிளையிலோ அவ்வரி 'இடம்: பள்ளித் திடல்' என்று மாறிவிட்டது. ஒரே வரி, இரு வேறு மாற்றங்கள். இதையே முரண் என்கிறோம்.

எது சரி என்று கிட் முடிவு செய்யாது. இரு வரிகளையும் அடையாளக் குறிகளுடன் கோப்பில் அடுத்தடுத்து வைத்து, முடிவை நம்மிடம் விட்டுவிடும். 'என் வரிதான் அழகாக இருக்கிறது' என்று அவள் தன் வரியை மட்டும் வைத்துக்கொண்டால், விழா நாளன்று பெற்றோர் பூட்டிய மண்டபத்தின் முன் நிற்க நேரிடும். மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால், அவள் செய்த மேம்பாடு போய்விடும். இரண்டையும் நிதானமாகப் படித்து, 'விழா நடைபெறும் இடம்: பள்ளித் திடல்' என்று எழுதுவதே பொருத்தமான தீர்வு. அதனைப் பதிவு செய்து, பக்கம் சரியாக இயங்குகிறதா என்று சோதித்த பின், அவள் தன் கிளையை முதன்மைக் கிளையுடன் இணைக்கிறாள். வேலை முடிந்த 'புதுவடிவம்' என்ற பெயரை இனி நீக்கிவிடலாம். அதிலிருந்த பதிவுகள் முதன்மைக் கிளையின் வரலாற்றில் நிலைத்திருக்கும்.

துணிவும் பொறுப்பும்

கெட்டுப்போகுமோ என்ற அச்சத்தால் நாம் பல முயற்சிகளைத் தொடங்குவதே இல்லை. கிளை பிரிக்கும் முறை அந்த அச்சத்தைக் குறைக்கிறது. முயற்சி வென்றால் இணைக்கலாம். தோற்றால் அக்கிளையை விட்டுவிடலாம். இரண்டு நிலையிலும் பிறர் நம்பியிருக்கும் பணி கெடுவதில்லை.

அதே வேளையில், நெடுநாள் தனித்து வளரும் கிளையை இணைப்பது கடினம். பிறர் செய்த மாற்றங்களை அடிக்கடி பெற்று, நம் கிளையைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. தமிழில் 'கிளை' என்ற சொல்லுக்கு உறவு என்ற பொருளும் உண்டு; உறவினரைக் 'கிளைஞர்' என்று அழைப்பதும் அதனால்தான். தனித்து முயல்வதற்காகப் பிரிந்தாலும், கிளை என்பது மரத்தோடு உறவு கொண்டதே.

அருஞ்சொற்பொருள்

மூலநிரல் – மென்பொருளை இயக்குவதற்காக நிரலாளர் எழுதும் கட்டளைத் தொகுப்பு
கோப்புறை – கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்
முரண் – ஒன்றோடொன்று பொருந்தாத நிலை
கிளைஞர் – உறவினர்

சிந்தித்து விடையளிக்க

1. கிளை பிரிப்பதற்கு ஏன் மிகக் குறைந்த நேரமே ஆகிறது?
2. கிளை மாறும் முன் வேலையைப் பதிவு செய்ய வேண்டியதன் காரணத்தை விளக்குக.
3. மாணவி தன் வரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன பாதிப்பு ஏற்பட்டிருக்கும்?
4. உங்கள் குழுப்பணி ஒன்றில் இருவர் கருத்துகள் முரண்பட்டபோது எவ்வாறு தீர்வு கண்டீர்கள்? ஒரு பத்தியில் எழுதுக.