ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் உடலையும் கவனிப்போம்

ஹஜ் கடமையாவதற்குரிய சக்தியைப் பணவசதி என்று மட்டுமே நம்மில் பலர் விளங்கி வைத்திருக்கிறோம். பயணத்தைத் தாங்கும் உடல்நலமும் அதில் அடங்கும் என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போகும் பெரியவர், "சொன்னால் போகவிட மாட்டார்கள்" என்றஞ்சிச் சர்க்கரை நோயையும் நெஞ்சு வலியையும் மறைத்து விடுகிறார். பிள்ளைகளும் அதற்கு உடந்தை! இங்கே மறைத்த நோய் மக்காவில் மறைந்திருக்காது. ஸஃயு மட்டுமே 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. அவ்வாண்டு 1,301 பேர் வஃபாத்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, தங்க நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முதியோரும் நாட்பட்ட நோயாளிகளும் அவர்களில் இருந்தனர்.

இயலாமையைச் சொல்வதில் வெட்கமென்ன? உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நம் தாய்மார் சக்கர நாற்காலியில் தவாஃப் செய்வதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

எனவே, பல மாதங்களுக்கு முன்பே வழக்கமான டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பயண நாட்களுக்கும் அதற்கு மேல் சில நாட்களுக்கும் போதுமான மருந்தை, டாக்டரின் சீட்டுடன், கைப்பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. உறைந்துவிட்டால் அது பயன்படாது. மினாவில் ஐஸ் கட்டியின் மேல் நேராக வைப்பதும் அப்படியே. தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை போன்றவை சீட்டில்லாமல் போனால் சுங்கத்தில் சிக்கல்தான். (மசாலாவோடு கசகசாவைக் கட்டிக் கொடுக்கும் உம்மாமார்களுக்கும் ஒரு சொல்: அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள்.)

மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நாள்வரை தள்ளிப் போடாதீர்கள். சவூதி சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் அந்நோய் ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் போய், அவர்கள் வீட்டாரையும் பிடித்தது.

இனித் தேறவே மாட்டார் என்று டாக்டர் கைவிரித்த முதியவர் வீட்டிலிருந்தால், அவரைத் தூக்கிச் சுமந்தேனும் கொண்டுபோகத் துடிக்க வேண்டாம். வாகனத்தில் நிலையாக உட்கார இயலாத தம் தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கஸ்அம் கோத்திரத்துப் பெண்மணி கேட்டார். நபி (ஸல்) அவர்கள் "ஆம்" என்றார்கள். பத்லு ஹஜ்ஜின் சட்டங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.