விலை இல்லை, நிபந்தனை உண்டு

மதுரையில் சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்க ஆரம்பித்த புதிது. மிட்டாய்க் கடை அண்ணாச்சி ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, நம்ம கடை சைட்டுல அடியில எவனோ வெள்ளைக்காரன் பேரு நிக்குதே, அது எதுக்கு? எடுத்துவிடுங்க." நான் போட்டிருந்தது எங்கோ கிடைத்த இலவச தீம். ஃபூட்டர் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். மறு நிமிடம் சைட் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. தன் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை, படிக்க முடியாத எழுத்துக் கூட்டமாகச் சுருட்டி, தீம் செய்தவர் உள்ளே ஒளித்து வைத்திருந்தார். தீபாவளிக்கு நாலு நாள்தான் இருந்தது. அண்ணாச்சி அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது.

அன்று இரவுதான் ஜிப் கோப்புக்குள் கிடந்த உரிமத்தை முதன்முறையாகத் திறந்து படித்தேன். இரண்டே பத்தி. எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அடியில் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றிருந்தது. மனிதர் கூலி கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டிருந்தார். நான் அதைப் படிக்கக்கூட இல்லை.

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை புரளும் விஷயமென்றால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

இலவசமா, கட்டற்றதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல். அந்தக் குழப்பத்தை விளக்குவதிலேயே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குப் பல ஆண்டுகள் போயின. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. காசு வாங்காமல் கொடுத்தால் இலவசம். பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்க்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் உரிமை தந்தால் கட்டற்றது. லிப்ரெஆபீஸ், விஎல்சி, நோட்பேட் பிளஸ் பிளஸ் எல்லாம் கட்டற்றவை. எனிடெஸ்க் தனிநபருக்கு இலவசம், ஆனால் கட்டற்றது இல்லை.

இந்த வேறுபாட்டை உணர்த்த மேட் ரைட்டின் ஸ்கிரிப்டுகளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1995 வாக்கில் அவர் பெர்ல் மொழியில் எழுதி வெளியிட்ட ஃபார்ம்மெயில், விருந்தினர் பதிவேடு, பார்வையாளர் எண்ணி போன்றவற்றைப் போடாத தளம் அந்தக் காலத்தில் குறைவு. அவர் நிபந்தனைகள் எளிமையானவை. பயன்படுத்தலாம், மாற்றலாம், மேலே இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. ஆனால் முன் அனுமதி இல்லாமல் விற்கவும் கூடாது, இணையத்தில் மறுபடி ஏற்றி விநியோகிக்கவும் கூடாது. ஃபார்ம்மெயிலில் இருந்த ஓட்டைகள் வழியாக ஸ்பேம் கும்பல்கள் புகுந்து விளையாடியபோது, அதைத் திருத்தி ஊருக்கெல்லாம் கொடுக்க இந்த நிபந்தனையே குறுக்கே நின்றது. பெர்ல்காரர்கள் சிலர் என்எம்எஸ் என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டுகளைப் புதிதாக எழுதி, கட்டற்ற உரிமத்தில் விட்டார்கள்.

தரவிறக்கிய அன்றே உரிமத்தின் நகலை எடுத்து வையுங்கள். பதிப்பு எண், தேதி, எங்கிருந்து இறக்கினீர்கள், மூன்றையும் அதோடு குறித்துக்கொள்ளுங்கள். உரிமங்கள் மாறுகின்றன. தளங்களில் எழுதுபெட்டியாகப் பலரும் போடும் டைனிஎம்சிஇ 6ஆம் பதிப்பில் எம்ஐடி உரிமம், 2024இல் வந்த 7ஆம் பதிப்பில் ஜிபிஎல். எலாஸ்டிக்சர்ச் 2021இல் கட்டற்ற உரிமத்தை விட்டு விலகி, 2024இல் பாதி மனதோடு திரும்பி வந்தது. டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்ட் வரை எல்லோருக்கும் இலவசம். அதன்பின் 250க்கும் குறைவான ஊழியர்களும் 1 கோடி டாலருக்குக் குறைவான ஆண்டு வருவாயும் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இலவசம். நீங்கள் பழைய பதிப்பைப் பழைய உரிமத்தில்தான் எடுத்தீர்கள் என்று காட்ட, கையில் இருக்கும் அந்த நகல் உதவும்.

எந்த வரியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பாருங்கள். அண்ணாச்சியின் கேள்விக்கு இங்கேதான் பதில். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்பது ஒன்றுதான்: நகல் கொடுக்கும்போது பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். அது கோடுக்குள் இருந்தால் போதும். கடைக்கு வரும் வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டியதில்லை. ஜிபிஎல் தீம்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். பக்கத்தின் அடியில் தெரியும் விளம்பர இணைப்பை எடுக்கலாம், கோடின் தலையில் இருக்கும் குறிப்பை எடுக்கக் கூடாது. "இணைப்பை எடுக்க வேண்டுமானால் காசு கட்டு" என்பது சிறு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தாங்களே வைக்கும் நிபந்தனை. அதுவும் நியாயம்தான். பிடிக்காவிட்டால் வேறு தீம் தேடுங்கள். கத்தரிக்கோலைத் தேடாதீர்கள்.

ஒரு பொட்டலத்துக்குள் பல உரிமங்கள் இருக்கலாம். ஃபான்ட் ஆசம் இலவசப் பதிப்பைப் பிரித்துப் பாருங்கள். படக்குறிகளுக்கு ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், எழுத்துருவுக்கு ஓஎஃப்எல், கோடுக்கு எம்ஐடி. விர்ச்சுவல்பாக்ஸும் இதே கதைதான். அடிப்படை நிரல் ஜிபிஎல், கூடவே இறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக்கோ தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, சோதனை ஆகியவற்றுக்கு மட்டும். அலுவலகத்தில் இருபது கணினிகளில் இரண்டையும் சேர்த்தே நிறுவிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு.

தமிழ் எழுத்துருவுக்கும் உரிமம் பாருங்கள். டிடிபி கடைகளில் சிடியிலிருந்து சிடிக்கும் பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்கும் தாவிய எழுத்துருக்களின் சொந்தக்காரர் யாரென்று யாருமே கேட்டதில்லை. இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரன், முக்தா மலர் என்று ஓஎஃப்எல் உரிமத்தில் வேண்டிய அளவு இருக்கின்றன. அழைப்பிதழ் அச்சிடலாம், தளத்தில் ஏற்றலாம், விற்கும் மென்பொருளோடு சேர்த்தும் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியாக விலைபோட்டு விற்கத்தான் தடை.

சந்தேகமென்றால் எழுதிக் கேளுங்கள். எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்யக்கூடாதவை

உரிமக் கோப்பு இல்லை என்றால் கேட்பாரில்லை என்று நினைக்காதீர்கள். நேர்மாறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. (என் கோடைப் பார்த்தால் இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது வேறு.) பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை, எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. ஆகவே கிட்ஹப்பில் உரிமம் இல்லாமல் கிடக்கும் கோடைப் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே பிரதி எடுத்துவைக்கலாம். கிளையன்ட் வேலையில் சேர்க்க உங்களுக்கு அனுமதி கிடையாது. வேலி இல்லாத தோட்டம் என்பதற்காக மாங்காய் நம்முடையது ஆகிவிடாது.

"தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்பதைக் கடையில் பயன்படுத்தாதீர்கள். "சின்னக் கடைதானே சார்" என்பார்கள். கல்லா இருந்தாலே வணிகம்தான். டீம்வியூவர் போன்றவை வணிகப் பயன்பாடு என்று சந்தேகப்பட்டால் நடு வேலையில் இணைப்பைத் துண்டித்துவிடும். அது சின்னத் தொல்லை. விதிமீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், மேற்சொன்ன சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லாத பட்சத்தில் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நல்டு தீம், நல்டு ப்ளகின் பக்கம் போகவே போகாதீர்கள். பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிறவர் எதற்காகத் தருகிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் வேர்ட்பிரஸ் தளங்களில் பரவியதே இப்படிப்பட்ட தீம்களின் முதுகில் ஏறித்தான். ஒரு தளத்தில் நுழைந்ததும் அதே சர்வரில் இருக்கும் மற்ற தளங்களுக்கும் தாவும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்பதால் அதன் பிரீமியம் ப்ளகின்கள் பலவும் ஜிபிஎல்தான், அவற்றின் நகலை ஒருவர் மறுபடி கொடுப்பது உரிமத்துக்கு விரோதமில்லை. எனவே "இது சட்டப்படி சரிதானே" என்று வாதாடும் பையன்கள் வருவார்கள். சரிதான் தம்பி, உள்ளே என்ன செருகியிருக்கிறார்கள் என்று யார் பார்ப்பது?

ஜிபிஎல் என்றால் விற்கக் கூடாது என்று சொல்லித் திரியாதீர்கள். தாராளமாக விற்கலாம். வாங்கியவருக்கு மூல நிரலையும் அதே உரிமைகளையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்காமல் ஒளித்தவர்களின் கதை 2003இல் ஊரறிய நடந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி வைஃபை ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மூல நிரலைக் கேட்டார்கள். அப்போதுதான் லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவுக்கு அது எதிர்பாராத சீதனம். கடைசியில் நிரல் வெளியே வந்தது. அதை வைத்துப் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றும் பழைய ரூட்டர்களுக்கு உயிர்கொடுக்கிறது.

பில் அச்சடிக்க ஐடெக்ஸ்டை யோசிக்காமல் சேர்க்காதீர்கள். நம் ஊரில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள் அதிகம் விழும் குழி இது. பிடிஎஃப் உருவாக்க வசதியான நூலகம்தான். 2009 இறுதியில் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஏஜிபிஎல் உரிமம். அதைச் சேர்த்து மென்பொருளைக் கடைக்காரருக்குக் கொடுத்தால் உங்கள் மொத்த மூல நிரலையும் அவருக்குத் தர வேண்டும். "நான் கொடுக்கவில்லையே, சர்வரில்தான் ஓடுகிறது" என்றாலும் தப்ப முடியாது. சாதாரண ஜிபிஎல்லில் இருந்த அந்த ஓட்டையை அடைக்கவே 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது, இணையம் வழியே பயன்படுத்துகிறவருக்கும் நிரலைக் காட்டச் சொல்கிறது. விருப்பமில்லையென்றால் காசு கட்டி வணிக உரிமம் வாங்கலாம், அல்லது வேறு நூலகம் பார்க்கலாம்.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோவிலிருந்து ஒட்டும்போது கண்ணை மூடாதீர்கள். அங்கே எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. பெயர் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும். இரண்டு வரிக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. இருநூறு வரி என்றால் யோசியுங்கள்.

நீங்கள் வெளியிடும் ஸ்கிரிப்டுக்கு நீங்களே உரிமம் எழுதாதீர்கள். ஜேசான் வடிவத்தைப் பிரபலமாக்கிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், எம்ஐடி உரிமத்தின் நடுவே நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். நல்ல எண்ணம். நல்லது எது என்று யார் தீர்ப்புச் சொல்வது? அந்த ஒரு வாக்கியத்தால் கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதை ஏற்கவில்லை, டெபியன் லினக்ஸ் தன் தொகுப்பில் அனுமதிக்கவில்லை.

வாசகம் மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பொம்மை ரயில் வழக்கைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேகப்சன், மாதிரி ரயில்களை இயக்கும் நிரலை நண்பர்களோடு எழுதி ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தில் விட்டிருந்தார். மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் பெயர்க் குறிப்புகளைச் சேர்க்காமல் அதில் சில பகுதிகளைத் தன் மென்பொருளில் பயன்படுத்தியது. உரிமம் மிகப் பரந்தது, இது வெறும் ஒப்பந்தச் சிக்கல்தான் என்றது கீழ் நீதிமன்றம். 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காசு வாங்காவிட்டாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று தீர்ப்பு வந்தது. மேட் ரைட்டின் ஸ்கிரிப்டாக இருந்தாலும் அண்ணாச்சி கடை தீமாக இருந்தாலும் இந்த வாதம் பொருந்தும். ஆனால் நீங்கள் அதற்காக நீதிமன்றம் ஏற வேண்டாம். எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் என்று வக்கீல்கள் பலர் கண்பட்ட உரிமங்கள் தயாராக இருக்கின்றன, ஒன்றை எடுத்து அப்படியே போடுங்கள்.

ஏற்கெனவே தப்பு செய்திருந்தால் மறைக்காதீர்கள். அழித்த குறிப்பைத் திரும்பப் போடுங்கள், கொடுக்க வேண்டிய நிரலைக் கொடுங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், உரிமையாளர் முதல்முறை தெரிவித்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை முழுதாகத் திரும்புகிறது. இரண்டாம் பதிப்பில் இந்த இரக்கம் இல்லை, மீறிய நொடியே உரிமை போய்விடும். லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்களில் பலர் 2017 அக்டோபரில் கூடிப் பேசி, தங்கள் நிரலுக்கும் அந்த 30 நாள் தவணையைத் தருவதாக அறிவித்தார்கள். என் தீம்காரர் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. விவரம் சொல்லி நான் எழுதிய மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வந்தது, பெயரைச் சின்ன எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று. அண்ணாச்சியும் சம்மதித்தார், முறைத்துக்கொண்டே.