உன் காலுக்குத் தெரிந்தது

திருப்பனந்தாள்
தை மாதக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அத்தை தினமும் கேட்கிறாள். போனில் பேசினால் “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை உன் அம்மா சொன்னாள். நீ அதற்கும் பிடி கொடுக்காமல், இனிமேல் கபடிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாயாம். வெளிநாட்டு வேலைக்குப் போவது தவறே இல்லை. நம் பக்கத்தில் எத்தனையோ வீடு அந்தக் காசில் எழும்பியதுதான். போவதாக இருந்தால் நிதானமாக யோசித்துப் போ. கோபத்தில் போகாதே.

உன் நிலைமையைக் கேட்டதிலிருந்து எனக்கு வி. சந்திரசேகர் ஞாபகம்தான். உன் வயதுப் பையன்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. சென்னைக்காரர். டேபிள் டென்னிஸில் மூன்று முறை தேசிய சாம்பியன். 1982-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் அவர் பெயர் கண்ணில் படும். 1984-இல் அவருக்கும் முழங்காலில்தான் தொந்தரவு. சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாளில் மறுபடி ஆடலாம் என்ற நினைப்போடு போனவர், மயக்கத்தில் இருந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நினைவிழந்தார். நினைவு திரும்பியபோது பார்வை போயிருந்தது. பேச்சும் நடையும் போயிருந்தன. முப்பது வயதைத் தொடாத மனிதர்.

இதைப் படித்துவிட்டு நீ ஆபரேஷனுக்கு இன்னும் பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். பயப்படாதே. அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது விரலில் மாட்டுகிற சின்னக் கருவி, மயக்கத்தில் இருப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை நொடிக்கு நொடி காட்டிக்கொண்டே இருக்கும். உன் மாதிரி ஜவ்வு கிழிந்த ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து, திரும்பவும் களத்தில் இறங்கியிருக்கிறார்கள். மயக்க மருந்து யார் கொடுப்பார், கூடவே இருந்து பார்த்துக்கொள்வாரா என்று டாக்டரிடமே கேள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தேதி வாங்கிவிட்டுச் சொல், நானும் கூட வருகிறேன்.

சந்திரசேகர் கதைக்கு வருகிறேன். அவர் எழுந்து நிற்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பழகினார். வழக்குப் போட்டார். நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தன் கதையை ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார். பார்வையும் உடம்பும் முன்போல முழுசாகத் திரும்பவே இல்லை. அந்த உடம்போடுதான் மறுபடி டேபிள் டென்னிஸ் கூடத்துக்குப் போனார், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர. எஸ். ராமன், சேத்தன் பபூர் எல்லாம் அவரிடம் கற்றவர்கள். ராமன் பின்னாளில் தானே பயிற்சியாளராகி ஜி. சத்தியனை உருவாக்கினார். 2019-இல் சத்தியன் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடத்துக்குப் போனார். அதற்கு முன்னால் இந்தியர் யாரும் முதல் இருபத்தைந்துக்குள் நுழைந்ததில்லை. ராமனுக்கு 2021-இல் துரோணாச்சாரியார் விருது கொடுத்தார்கள். அதைப் பார்க்கச் சந்திரசேகர் இல்லை. அந்த வருஷம் மே மாதமே, கொரோனா இரண்டாவது அலையில் காலமாகிவிட்டார். 64 வயது. அந்த நாட்களில் தினமும் அத்தனை சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தது. அவர் செய்தியும் அதோடு அதாகப் போய்விட்டது. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அவரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பது ஒன்று உண்டு. ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டம் உடம்பில் இருக்கிறது. நீ ரைடு போகும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறாய் என்று யோசித்தா வைக்கிறாய்? கால் தானாகப் போகிறது. அந்தக் கால் இல்லை என்று ஆனதும், காலுக்குத் தெரிந்ததை எல்லாம் வாய்க்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எதனால் அந்த இடத்தில் வைத்தேன், அரை அடி தள்ளி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனக்குத் தானே பிரித்துப் பார்த்து, அதைப் பத்து வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஆட்டத்தைவிட இது கஷ்டம். நன்றாக ஆடியவர்களில் பலருக்கு இது கடைசிவரை வருவதில்லை. ஆட முடியாமல் போனவனுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு என்று இதை நினைக்காதே. இது வேறு ஒரு தொழில், முதலிலிருந்து கற்க வேண்டிய தொழில்.

உனக்கு அது வரும் என்று எப்படிச் சொல்கிறேன் தெரியுமா? இந்தக் காணும் பொங்கல் கபடி மேட்ச்சில் நீ முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாய். யாரோடும் பேசவில்லை. இடது கார்னரில் நின்ற பொடியன் ஒருவன் ஒவ்வொரு ரைடிலும் தொடுபட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் நீ அவனைக் கூப்பிட்டாய். “மூஞ்சியைப் பார்க்காதடா, அவன் ஏமாத்துறான். இடுப்பைப் பாரு. குதிகாலைத் தரையில வைக்காத.” அவ்வளவுதான் சொன்னாய். அதுவரை அவன் முழுப்பாதத்தையும் ஊன்றி நின்றிருக்கிறான், எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. முன்பாதத்தில் நின்றதும் அந்த உடம்பே வேறு உடம்பாகிவிட்டது. மூன்றாவது ரைடில் கணுக்காலைப் பிடித்துப் போட்டான். ஊரே அவனைப் பார்த்துக் கத்தியது. நான் உன்னைப் பார்த்தேன். பொங்கல் நாள் முழுக்க நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஓ.எம். நம்பியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்துக்காரர், விமானப்படையில் ஓட்டக்காரராக இருந்தவர். எவ்வளவோ முயன்றும் இந்தியாவுக்காக ஒரு தடவைகூட ஓட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பயிற்சியாளரானார். எழுபதுகளில் அவர் கண்ணில் பட்ட ஒல்லிப் பெண்தான் பி.டி. உஷா. பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பெண். குறைந்த தூரம் ஓடிக்கொண்டிருந்த அவரை 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பியது நம்பியார்தான். பெண்களுக்கான அந்தப் போட்டியே 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது. உஷா 55.42 நொடியில் ஓடினார். வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நூற்றில் ஒரு பங்கு நொடி. உலகத்தில் எத்தனையோ பேரை அது உடைத்துப் போட்டிருக்கும். மறுவருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே உஷா ஐந்து தங்கம் வாங்கினார். அந்த ஒரு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கியபோது முதல் வருஷமே வாங்கியவர்களில் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ வருவதற்கு 2021 ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அவரும் போய்விட்டார்.

நீ ஒலிம்பிக்குக்கு ஆள் தயார் பண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்து “அண்ணன் வருமா தாத்தா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வேண்டும். பெரிய இடத்துக்குப் போகிறவர்கள் நம் ஜில்லாப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வாங்கிய பையன்களில் ஒருவன் மன்னார்குடிப் பக்கம் வடுவூர்க்காரன். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை. ஒவ்வொருவருக்கும் பின்னால் தினமும் களத்தில் வந்து நின்ற ஒரு ஆள் இருந்திருப்பான்.

நீ பயிற்சி கொடுக்க இறங்குவதாக இருந்தால் சில காரியங்களை இப்போதே மனதில் போட்டுக்கொள். முதலாவது, கை நீட்டாதே. உன்னை அடித்துத்தான் வளர்த்தார்கள் என்று உனக்குத் தோன்றும். நீ வளர்ந்தது அந்த அடியால் இல்லை. நம் கோயில் கதையைச் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். சாய்ந்த லிங்கத்தை ராஜா யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிரவில்லை, குங்கிலியக் கலயர் தன் கழுத்திலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்தபோது நிமிர்ந்தது. பிள்ளைகளும் அப்படித்தான். உன் கழுத்தில் கயிறு இருக்கிறது என்று தெரிந்தால் தானாக நிமிர்வார்கள்.

அடுத்தது கொஞ்சம் கடினம், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்தில் டீம் என்றால் தெருவுக்கு ஒரு டீம். தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவன் அவனோடு சேர்ந்து ஆடமாட்டான், அவன் இவன் வீட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டான். பொங்கல் மேட்ச் சண்டையில் முடிந்து போலீஸ் வந்த வருஷங்களும் உண்டு. நீ தெருவாரியாகப் பயிற்சி கொடுப்பதாக இருந்தால் வேண்டாம், சிங்கப்பூருக்கே போ. மேலத்தெருவும் காலனியும் ஒரே கோட்டுக்குள் நிற்க வேண்டும். செயின் பிடிக்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்தாக வேண்டும். கோத்த கை ரைடர் இழுக்கிற இழுப்பில் நழுவாமல் இருக்க வேண்டுமானால் மனதிலும் கூச்சம் இருக்கக் கூடாது. முதல் வாரமே யாராவது பெரியவர் வந்து பையனை இழுத்துக்கொண்டு போவார். உன்னோடு நான் நிற்கிறேன். அவரிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். குடிக்கத் தண்ணீர் ஒரே குடம், ஒரே டம்ளர்.

பெண் பிள்ளைகளும் வருவார்கள், வரட்டும். பயிற்சி எப்போதும் வெட்டவெளியில், பொழுதோடு முடிய வேண்டும். துணைக்கு ஒரு அம்மாவோ அக்காவோ களத்தோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக எந்தப் பிள்ளையையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதே. உன்னை நான் சந்தேகப்படவில்லை. பெற்றவர்களின் நம்பிக்கைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. படிப்பில் பின்தங்குகிறவனை மேட்ச்சுக்கு எடுக்காதே. உடம்பு ஏறுவதற்கு என்று யாராவது பவுடரோ ஊசியோ கொண்டுவந்தால் அன்றைக்கே அவனை வெளியே அனுப்பு. உன்னைவிடத் தெரிந்தவர் ஒருவரிடம் போனால் ஒரு பையன் இன்னும் வளருவான் என்று தெரிந்தால், பிடித்து வைக்காமல் நீயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா. எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கால் ஆறிய பிறகு பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்துக்கு (என்.ஐ.எஸ்.) விண்ணப்பம் போடு. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பிடித்திருந்தால் அடுத்து டிப்ளமாவும் படிக்கலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் பயிற்சியாளர் வேலைக்கும் கேட்கலாம், பிழைப்புக்கும் ஒரு வழி. செலவைப் பற்றி உன் அம்மாவிடம் பேச வேண்டாம், என்னிடம் பேசு.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. எல்லா வயலிலும் அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்து தெளித்தாகிவிட்டது, மண்ணியாற்றுப் பக்கத்துத் திடல் ஒன்றைத் தவிர. அதில் தெளிக்க வேண்டாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வருத்தம்தான், வருஷ உளுந்துக்கு எங்கே போவது என்று கேட்டாள். பிறகு அவளே பையன்களுக்குச் சுண்டல் போடலாமா என்று கேட்கிறாள். அறுத்த தாள் காலைக் கிழிக்கும், அதனால் ஒரு தடவை டிராக்டர் விட்டு ஓட்டி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து மிதித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேட்டூர் ஜூனில் திறந்து, தண்ணீர் இங்கே வந்து குறுவைக்கு உழுகிறவரை திடல் உங்களுக்குத்தான்.

பெரிய பையன்களுக்குக் களம் 13-க்கு 10 மீட்டர், பொடியன்களுக்கு 11-க்கு 8 என்று பி.டி. சார் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட இடம் காணும் என்று நினைக்கிறேன், வந்து அளந்து சொல். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. நடக்காதே, கடைத்தெருவில் இறங்கிப் போன் போடு, வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். வரும்போது கும்பகோணத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத்தூள் ஒரு மூட்டை சொல்லிவிட்டு வா, இங்கே கிடைப்பது மட்டமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி சீட்டையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு வர மறக்காதே.

அன்புடன்,
மாமா