தோல்வழி மருந்தும் மலச்சிக்கலும்

வெளியிற் சொல்ல நாணும் நோய்களுள் மலச்சிக்கலும் ஒன்று. முதுமை எய்திய பழைய மாணவருள் இதனை அறியாதார் மிகச் சிலரே. சொல்ல நாணும் நோய்க்கு மறைவிற் செய்துகொள்ளத்தக்க மருந்தொன்று கிடைக்குமாயின் மக்கள் அதனை விரும்புதல் இயல்பே. கொப்பூழின்மேல் ஒட்டிக்கொண்டு உறங்கினால் விடியலில் வயிறு இளகும் என்று கூறி விற்கப்படும் மூலிகைப் பிளாஸ்திரிகள் இத்தகையன. அவை சொல்லும் பயனைத் தருமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இம்முறை சிறப்பாக வளர்ந்த இடம் சீன தேசம். அந்நாட்டு வைத்தியர் கொப்பூழை மருத்துவச் சிறப்புடைய தானங்களுள் ஒன்றாகக் கொள்வர். இரேவற்சின்னி முதலியவற்றின் தூளைக் குழைத்து அதன்மேல் வைத்து ஒட்டுவர். 19ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஊ ஷிச்சி என்னும் வைத்தியர் புறமருத்துவம் பற்றி ஒரு நூல் இயற்றினார். அகமருத்துவத்துக்கும் புறமருத்துவத்துக்கும் அடிப்படை நியாயம் ஒன்றே என்பது அவர் கொள்கை.

எமது சித்த வைத்தியமும் புறமருந்தை இகழவில்லை. அகமருந்து 32, புறமருந்து 32 என அது வகுத்துள்ளது. பற்று, ஒற்றடம், மருந்து தோய்த்த சீலை ஆகியன புறமருந்துகளே. ஆயினும் மலத்தை இளக்க நம் வைத்தியர் பெரிதும் நம்பிய நிலாவரை, கடுக்காய், ஆமணக்கெண்ணெய் என்பன வாய்வழியே கொடுக்கப்படுவன. புறமருந்துள் ஒன்றாகிய பீச்சும் குதவழியே குடலுட் செல்வது. இதன் காரணத்தை இக்கால விஞ்ஞானம் நன்கு விளக்குகின்றது.

தோலின் மேற்படை இறந்த உயிரணுக்களால் ஆயது, தலைமயிரினும் மெல்லியது. எனினும் அஃது ஓர் அரண். 500 டால்ற்றனுக்கு மேற்பட்ட மூலக்கூற்று நிறையுடைய பொருள்கள் அதனை ஊடுருவுதல் மிக அரிது. அதனிற் குறைந்தனவும் கொழுப்பிற் கரையும் இயல்பு உடையனவாயும், சிற்றளவிலேயே வேலை செய்வனவாயும் இருத்தல் வேண்டும். 1979இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஸ்கொப்பொலமைன் பிளாஸ்திரி இதற்குத் தக்க சான்று. ஊமத்தையிலும் காணப்படும் இப்பொருளின் மூலக்கூற்று நிறை 303. பிரயாணத்தில் உண்டாகும் குமட்டலைத் தடுக்க, 3 நாளில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் உடலுட் சென்றாற் போதும். எனவே, தோல்வழி மருந்து என்பது வெறும் கற்பனையன்று. ஆனால் இதே மருந்து குடலின் அசைவைக் குறைத்து மலச்சிக்கலை உண்டாக்கவும் கூடும் என்பது நோக்கத்தக்கது.

இனி நிலாவரையைக் காண்போம். இதன் மருந்துப்பொருளாகிய செனோசைட்டின் மூலக்கூற்று நிறை 862. உண்ட நிலாவரை சிறுகுடலைப் பெரிதும் மாற்றமின்றிக் கடந்து பெருங்குடலை அடைகின்றது. அங்கு வாழும் பற்றீரியாக்கள் அதனை உடைத்த பின்னரே மருந்து செயற்படத் தொடங்கும். இரவில் உண்டது காலையில் வேலை செய்வது இதனாலேயே. தோலில் ஒட்டிய நிலாவரைக்கு இவ்வழி இல்லை. ஆமணக்கெண்ணெயும் சிறுகுடலிற் பிரிக்கப்பட்டு றிசினோலெயிக் அமிலமாகிய பின்னரே குடற்றசையைத் தூண்டும். இசப்புக்கோலோ குடலினுள் நீரை ஏற்றுப் பருத்து மலத்தை மென்மையாக்குவது. இம்மூன்றின் தொழிற்களமும் குடலின் உட்புறமேயாம்.

இரேவற்சின்னியில் எமொடின் போன்ற சிறிய மூலக்கூறுகளும் உள. அவற்றுட் சிறிது தோலினூடே கசிதல் கூடும். ஆயினும் அவ்வளவு குடலை அசைக்கப் போதுமென ஐயமற நிறுவப்படவில்லை. சீனத்தில் நடந்த ஆய்வுகள் சில நற்பயன் கூறினும், எது மருந்து, எது வெறும் பசை என்பதை நோயாளர் அறியாதவாறு மறைத்து நடத்திய பேராய்வுகளே இவ்விடயத்திற் தீர்ப்பளிக்க வல்லன. வயிற்றை நீவுதலாலும், மருந்திட்டோம் என்னும் நம்பிக்கையாலும் சிலர் சுகம் பெறுதல் உண்டு. அதனைப் பிளாஸ்திரியின் ஆற்றலெனக் கொள்ளல் தவறு.

பயனில்லாவிடினும் கேடில்லையே எனச் சிலர் கூறுவர். மருந்துப்பசையால் தோல் சிவந்து கொப்பளித்தல் சிறு கேடு. காலம் கடத்துதலே பெருங்கேடு. முன்பு ஒழுங்காயிருந்த வயிறு முதுமையிற் புதிதாக மாறுதல், மலத்தில் இரத்தம் காணுதல், காரணமின்றி உடல் மெலிதல், சோகை என்பன குடற்புற்றுநோயின் அறிகுறிகளாதல் கூடும். வயிறு வீங்கி வாந்தியும் உண்டாயின் குடலடைப்போ என ஐயுற்று உடனே வைத்தியசாலைக்குச் செல்க. இரும்புச்சத்து மாத்திரை, அபின் சார்ந்த நோவு மருந்துகள், தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு ஆகியனவும் மலத்தைக் கட்டும். இவற்றுள் எதனையும் கொப்பூழில் ஒட்டிய துண்டு கண்டறிந்து சொல்லாது.

அறிகுறி ஏதும் இல்லாதார் எளிய வழிகளை முதலிற் கைக்கொள்க. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாது நார்ப்பொருள் உண்ணல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் விதந்துரைத்தது. கீரை, பயறு, குரக்கன், பப்பாசி என்பன நம் அடுக்களைக்குப் புதியனவல்ல. போதிய நீரும் நாளாந்த நடையும் துணைசெய்யும். காலையுணவின் பின் பெருங்குடல் தானே அசையுமாதலால், அவ்வேளையில் வந்த உணர்வை அடக்காது மலங்கழித்தல் நன்று.

ஆகவே, மூலிகைப் பிளாஸ்திரி ஒன்றைக் காணின் மூன்று வினாக்களை எழுப்புவோம்: இதிலுள்ள பொருள் யாது? அது தோலைக் கடக்க வல்லதா? அது வேலை செய்யும் இடம் எது? விடை கிடையாதவிடத்துப் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நாணத்தை விடுத்து, வைத்தியரிடம் வாய்திறந்து பேசுவதே அறிவுடைமையாகும்.