முதுகெலும்புச் சிகிச்சையில் நரம்புக்குக் காவல்

கேள்வி: என் தமையனாருக்கு முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சை நிச்சயமாகியிருக்கிறது. அச்சமயம் நரம்பைக் கண்காணிக்கும் முறைகளில் எது சிரேஷ்டமானது?
– ஒரு வாசகர், திருநள்ளாறு

பதில்: பிரெஞ்சு தேசத்திலே, 1973-ஆம் ஆண்டு ஸ்டாக்னாரா முதலிய வைத்தியர்கள், சிகிச்சையின் நடுவே நோயாளியைச் சற்றே விழிக்கச்செய்து, பாதங்களை அசைக்கச் சொல்லிப் பார்க்கும் பரீட்சையைப் பிரசுரித்தார்கள். அது நம்பகமானதே எனினும், அந்தக் கணத்தின் நிலையை மாத்திரமே அறிவிக்கும்.

பின்னர் வந்த மின் முறைகளுள் ஒன்று, கணுக்காலில் மெல்லிய மின்சாரம் செலுத்தித் தலையில் அதன் பிரதிபலிப்பைப் பதிவு செய்வது. அதன் அளவு பாதியாகக் குறைந்தால் அபாய அறிகுறி என்று கொள்வது வழக்கம். ஆனால் இது தண்டுவடத்தின் பின்புறமுள்ள உணர்ச்சிப் பாதையையே காப்பதால், முன்புற இரத்த ஓட்டம் தடைப்பட்டு இயக்க சக்தி நசிக்கும்போதும் இது மாறாதிருக்கக்கூடும். தலையில் மின்தூண்டல் அளித்துக் கால் தசைகளில் பதிவு செய்யும் மற்றொரு முறையோ இயக்கப் பாதையை நேரே சோதிக்கிறது. ஆயினும் தசைத் தளர்ச்சி மருந்து அதைக் கெடுத்துவிடும் ஆதலால், மயக்க மருந்து நிபுணரின் ஒத்துழைப்பு அதற்கு அத்தியாவசியம்.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே திருகாணி பொருத்துகையில் நரம்பு வேர்களைக் கவனிக்கும் தசை மின்பதிவே அதிகப் பிரயோஜனம்.

தண்டுவடத்தின் அருகில் நடக்கும் சிகிச்சைக்கு உணர்ச்சி, இயக்கம் இரண்டையும் சேர்த்துக் கண்காணிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். வலிப்பு நோயோ, இதயத்தில் பேஸ்மேக்கரோ இருந்தால், அதைத் தங்கள் தமையனார் வைத்தியரிடம் முன்கூட்டியே அவசியம் தெரிவிக்கட்டும்.