செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா?

நள்ளிரவில் பிரசவ வலி கண்ட ஒரு சகோதரியை ஏற்றிய பிறகு, நம் டிரஸ்ட் வேன் கிளம்பவில்லை. ஓட்டுநர் விடாமல் சாவியைத் திருப்பியதில் பேட்டரியும் இறங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து அனுப்பினோம். தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ். டீசல் வண்டி வைத்திருப்போருக்கு அந்த இரவில் பாடம் இருக்கிறது.

செல்ஃப் வேகமாகச் சுற்றினால் பேட்டரி பெரும்பாலும் சரிதான். மெதுவாக இழுத்தால் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அரை நிமிடம் இடைவெளி விடுங்கள்.

ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் சைலன்சரைக் கவனிக்கட்டும்.

புகையே இல்லையென்றால், இன்ஜினுக்கு டீசல் போகவில்லை என்று கொள்ளலாம். டேங்க் காலியாகி நிரப்பியிருந்தாலோ, ஃபில்டர் மாற்றியிருந்தாலோ லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேல் கைப்பம்பு இருந்தால், அது இறுகும்வரை அமுக்குங்கள். ஃபில்டரில் தண்ணீர் தேங்கினாலும் இதே தொல்லைதான். அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிட்டுப் பம்பு அடியுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை. குளிர்ந்த காலையில் மட்டும் இப்படியென்றால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். சாவியை ஆன் செய்து, சுருள் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. தீப்பிடித்து இன்ஜின் சேதமாகலாம்.

நம் வேனில் இருந்த குறை, ஃபில்டரில் தண்ணீர். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. இப்போது மாதந்தோறும் தண்ணீர் வடிக்கிறோம். கால் டேங்குக்குக் கீழே டீசல் இறங்க விடுவதில்லை. பொதுவண்டி நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?